பெயருடன் ஒரு பெட்டைக்குட்டி

"பேரு வைக்கிறேன் அத்தை. ஆனா பாப்பாவுக்குப் பங்கா ஒரு பொட்டக் குதிரைக்குட்டி ஒதுக்குங்க. இப்பவே, இத்தன பேரு முன்னால."

நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை, சதையைத் திருகுகிற கிள்ளு. வரும் வழியெல்லாம் காரில் அவள் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தான். சாப்பிடு, சிரி, பெயரைச் சொல்லு, பங்கு என்கிற வார்த்தையை மட்டும் வாயில் எடுத்துவிடாதே. நாம் பெண்ணைக் கொடுத்தவர்கள். அதிலும் பெண் குழந்தைக்குப் பங்கு கேட்பது, அடுத்துப் பிறக்கவேண்டிய பையனின் முகத்தில் கதவைச் சாத்துகிற காரியம். எங்கள் அத்பாஷி மலை வட்டாரத்தில் யாரும் செய்யாதது.

செய்துவிட்டேன். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கிண்ணங்களைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்துபோனார்கள். முல்லா மட்டும் கொஞ்சமும் அசராமல் வறுத்த ரொட்டித் துண்டொன்றைத் தேனில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

என் அக்கா புருலுக்குப் பிறந்திருப்பது மூன்றாவது பெண். அவளுடைய மாமியார் சாகிஷ் அத்தை ஊருக்கு ஆளனுப்பி, ஆடு அறுத்து, முல்லாவையும் அழைத்துவிட்டு, பெயர் சொல்ல மட்டும் என்னை வரவழைத்திருந்தாள். நான் படித்தவள் என்பதற்காக இல்லை. எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்காக இந்த வீட்டில் யாரும் எனக்கு ஒரு கிண்ணம் டீ கூடுதலாக ஊற்றியதில்லை. வரவழைத்ததற்குக் காரணம் என் பெயர்.

என் பெயர் தெமிர்பெக்.

ஆண் பெயர். சந்தேகத்துக்கே இடமில்லாத, மீசை வைத்த பெயர். என் அப்பா அம்மா முதல் பெண்ணுக்குப் புருல் என்று வைத்தார்கள். திரும்பு என்று அர்த்தம். அடுத்ததாவது பையனாகத் திரும்பட்டும் என்று. திரும்பவில்லை, நான் வந்தேன். இந்த முறை சுற்றி வளைக்காமல் நேரடியாக ஆண் பெயரையே எடுத்து ஒட்டிவிட்டார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள், கால்சட்டை போட்டார்கள், ஆண்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். எனக்கு ஆறு வயதானபோது தம்பி பிறந்தான். அன்றிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெமிர்பெக் என்பது பலித்த பெயர். பெண்ணாகப் பெற்றுக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்து என்னைத் தேடி வருவார்கள். நான் குனிந்து குழந்தையின் காதில் என் பெயரைச் சொன்னால் அடுத்தது பையனாம். இரண்டு வீடுகளில் அப்படியே நடந்தும் தொலைத்தது. நடக்காத வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. கல்லூரி விடுதியில் ஆண்கள் மாடியில் எனக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. போய் நின்றேன். அங்கிருந்த மேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் எங்கம்மா?" என்றார். "நான்தான் அந்த அண்ணன்," என்றேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த டீ கொட்டியது. இப்போது நான் மாவட்டக் கால்நடை மருத்துவர். தெமிர்பெக்கை அனுப்புங்கள் என்று அலுவலகத்துக்குத் தகவல் வரும். நான் போய் வண்டியிலிருந்து இறங்கினால், "டாக்டர் பின்னால வர்றாராம்மா?" என்பார்கள். பசுவுக்குள் என் கை தோள்வரை போனபிறகு அந்தக் கேள்வி நின்றுவிடும்.

பெயர் எனக்குப் பிடிக்கும். கொடுத்த காரணம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"என்ன கேட்ட?" என்றாள் சாகிஷ் அத்தை.

கணவர் போனபிறகு குதிரை மந்தையையும் வீட்டையும் தனியாளாக நடத்துகிறவள் அவள். மருமகள், குதிரை, பக்கத்து வீட்டு நாய் எல்லோரையும் ஒரே குரலில்தான் கூப்பிடுவாள். அந்தக் குரல் இப்போது என்மேல் திரும்பியிருந்தது.

"பங்கு கேட்டேன் அத்தை."

"பங்கு பையனுக்கு."

"அதனாலதான் கேக்கறேன். பையன் பேரத்தானே வைக்கச் சொல்றீங்க? பேரோட சேந்து வர்ற சாமான் எங்க?"

எங்களிடம் பையன் பிறந்தால் நாலு பேர் முன்னால் ஒரு பெட்டைக்குட்டியை அவனுடையது என்று சொல்லி, கழுத்தில் துணி கட்டுவார்கள். அது போடும் குட்டிகளும் அவனுடையவை. அவனுக்கு மீசை முளைக்கும்போது அவன் பெயரில் ஒரு சின்ன மந்தை மேய்ந்துகொண்டிருக்கும். பெண்ணுக்கு ஒரு ஜோடித் தோடு.

"படிச்சவ பாரு, சட்டம் பேசுறா," என்றார் பக்கத்து வீட்டுக் கலீல்.

"சட்டம்னா நான் சொல்றேன்," என்றார் முல்லா, தேன் விரலை நக்கிக்கொண்டே. "மார்க்கத்துல பொண்ணுக்கும் பங்கு உண்டு. பையனுக்குள்ளதுல பாதி."

"பாதிக் குட்டியா?" என்றார் கலீல். "முன்பாதியா பின்பாதியா முல்லா?"

பெண்கள் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாகிஷ் அத்தை சிரிக்கவில்லை.

"இங்க பாரு பொண்ணே. பேரு எதுக்கு? கூப்பிடறதுக்கு. இங்க ஒரு ஆம்பளப் பேரு இருக்கு, வா ராசான்னு அவனக் கூப்பிடறோம். வர்றவன் எட்டிப் பாப்பான். பேரும் இருக்கு, குட்டியும் இருக்கு, எல்லாம் ஒருத்திகிட்ட இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவான்? எடம் நெறஞ்சு போச்சுன்னு வாசலோட திரும்பிடுவான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கும் அளவுக்கு நம்பிச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப இந்தக் குழந்த என்ன, எலிப்பொறியில வைக்கிற ரொட்டியா?"

"தெமிர்பெக்." அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தாள். "வாய மூடு. உனக்கு நாங்க என்னடி கொற வெச்சோம்?"

"எனக்கும் ஒரு குட்டி இருந்துச்சே அம்மா. சாம்பல் நிறத்துல. மறந்துட்டியா?"

அம்மா விரிப்பிலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒதுக்க ஆரம்பித்தாள். மறக்கவில்லை. நான் நடக்கப் பழகியதும் அப்பா எனக்கு அந்தச் சாம்பல் குட்டியை ஒதுக்கினார். நான் அதன் வயிற்றுக்கடியில் தூங்கியிருக்கிறேன், ஒருமுறை அதனிடம் உதைகூட வாங்கியிருக்கிறேன். தம்பி பிறந்த வாரம் அப்பா ஊரைக் கூட்டி, அதன் கழுத்துத் துணியை அவிழ்த்து, இது இனி இவனுடையது என்று சொல்லி மறுபடி கட்டினார். வேறு துணிகூட எடுக்கவில்லை, அதே துணி. நான் வேலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே எனக்கு முடி வளர்க்க ஆரம்பித்தார்கள். பிறகு நான் தலைநகர் பிஷ்கெக்கில் படித்தபோது ஓட்டலில் தட்டுக் கழுவினேன். தம்பி வளர்ந்ததும், சாம்பலின் வாரிசுகளை விற்று வாங்கிய காரில் என்னைப் பார்க்க வந்தான். நல்ல பையன்தான். வரும்போது ஆப்பிள் வாங்கி வந்தான்.

"சரி," என்றாள் சாகிஷ் அத்தை. "கேட்டவள வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஒரு ஆடு தர்றேன்."

"வேணாம் அத்தை."

"குட்டி போட்ட ஆடு."

"பையனுக்கு ஆடுதான் குடுப்பீங்களா?"

"ஆம்பளக் குதிரைக்குட்டி ஒண்ணு நிக்குது. ஆம்பளப் பேருக்கு ஆம்பளக் குட்டி, பொருத்தமா இருக்கும். எடுத்துக்க."

"ரெண்டு வருஷத்துல நான்தான் வந்து அதுக்குக் காயடிக்கணும். அதுக்கப்புறம் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு வெட்டிடுவீங்க. அதுல என்ன பங்கு வளரும்? குதிரைன்னா எல்லாருக்கும் பொட்டதான் வேணும். மார்ச் மாசம் முழுக்க உங்க போன் வந்துச்சே அத்தை, வயித்துல கெடக்கறது பொட்டையான்னு பாத்துச் சொல்லு, பொட்டையான்னு பாத்துச் சொல்லுன்னு. புள்ளைன்னா மட்டும் எப்படித் தலைகீழா மாறுது?"

இதற்குப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. யாருடையது என்று தெரியவில்லை. ஒருத்தியுடையதாக மட்டும் இருந்திருக்காது.

வெளியே அண்டாவில் கறி வெந்து நெடுநேரம் ஆகியிருந்தது. வாசனை ஜன்னல் வழியாக வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது. பெயர் விழாமல் கறி உள்ளே வராது. என் அக்கா கணவர் மெதெர் கூஜாவும் துண்டுமாக, விருந்தாளிகள் கையில் தண்ணீர் ஊற்றத் தயாராக வாசல் பக்கம் நின்றிருந்தார். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு குட்டிதானே சாகிஷ்," என்றார் கலீல். "குடுத்துத் தொலையேன். எனக்கு வயிறு முதுகோட ஒட்டிக்கிச்சு."

"உன் குட்டியா இருந்தா நீ குடுப்பியா?"

"என் வீட்டுல கறி இல்லையே."

சாகிஷ் அத்தை தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தினாள். எனக்கு அவளைத் தெரியும், கணக்குப் போடுகிறாள்.

"சரி, பொட்டக் குட்டியே தர்றேன். ஆனா ஒண்ணு. பையன் பொறந்தா அது அவனுக்கு மாறிடும். அதுவரைக்கும் இவளோடது."

எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். முல்லா கூட, நியாயம் நியாயம் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் உடம்பில் ரத்தமெல்லாம் காதுக்கு ஏறியது.

"இத நான் பாத்தாச்சு அத்தை. வேலி மேல உக்காந்து பாத்தாச்சு. இந்தப் புள்ளையும் பாக்க வேணாம். பேரு என்னோடது. நான் தரலன்னா இல்ல. முல்லா இருக்காரு, வேற பேரு வெச்சுக்குங்க."

நான் எழுந்துகொள்ள முழங்காலை ஊன்றினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மூலையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பேசினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

"பையன் வர மாட்டான் அத்தை. இனிமே எனக்குக் குழந்த பொறக்காது. ஆஸ்பத்திரியிலேயே சொல்லி, ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

எனக்கே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, பாவாடையைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது.

சாகிஷ் அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தாள். மெதெர் கூஜாவை மறுகைக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியும்மா. நான் கூடத்தான் இருந்தேன். இந்தத் தடவ அவளுக்கு மூணு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. இன்னொரு தடவ என்னால அந்த வராந்தாவுல உக்கார முடியாது."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு ஆடு அறுத்திருப்பியா?"

கலீல் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றியது அப்பட்டமாகத் தெரிந்தது. சாகிஷ் அத்தை யாரையும் திட்டவில்லை. கிண்ணத்தில் டீ ஊற்றி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு கிண்ணத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவள் அழுகிற ஆள் இல்லை.

"அப்ப இந்தப் பேரு எதுக்கு?" என்றாள் கடைசியில். "யாரக் கூப்பிடறதுக்கு?"

நல்ல கேள்வி. முல்லா உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்து, அழகான பெண் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நிலாப் பெயர்கள், பூப் பெயர்கள், நபி வீட்டுப் பெயர்கள். நானும் என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு அந்தப் பேருதான் வேணும்," என்றாள் அக்கா.

"எதுக்குடி?" என்றாள் அம்மா. "பையனே இல்லன்னு ஆகிப்போச்சே."

"பையனுக்கு இல்லம்மா. இவளோட பேருன்னு." என்னைக் காட்டினாள். "பசு செத்துப் பொழைக்குதுன்னா இவளக் கூப்பிடறாங்க. ராணுவத்துக்குக் கூடக் கூப்பிட்டாங்க. திரும்பு திரும்புன்னு என்னக் கூப்பிட்டு என்ன கண்டாங்க? டீ ஊத்தத் திரும்பறேன், அவ்வளவுதான். எம்பொண்ணு இவள மாதிரி வாயாடணும். இன்னிக்கு மாதிரி. கறி ஆறினாலும் பரவால்ல."

"கறி ஆறினா பரவால்லன்னு யாரு சொன்னது?" என்றார் கலீல்.

"தருவியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "சும்மா. பலிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம."

சின்ன வயதிலிருந்து என் பெயரை எத்தனையோ பேர் இரவல் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லோருக்கும் வேறொருவன் வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து என் பெயரைக் கேட்டவள் இவள் ஒருத்திதான். கோபம் எங்கே போனது என்று தேடினேன். இருந்தது, ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட நாய் மாதிரி ஓரமாகப் படுத்திருந்தது.

தொட்டிலருகே மண்டியிட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு, பாவம். காதோரம் குனிந்து, "உன் பேரு தெமிர்பெக்," என்றேன். மூன்று முறை. அவள் சப்புக்கொட்டினாள். முல்லா கையேந்தித் துவா ஓதினார். இதுவரை ஓதியதிலேயே சுருக்கமான துவா அதுவாகத்தான் இருக்கும். எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆமீன் என்றார்கள்.

சாகிஷ் அத்தை எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, பெயர் சொன்னவளுக்கு மரியாதையாகக் கொடுக்கிற பட்டுத் தலைத்துணி ஒன்றை எடுத்து வந்தாள். அடர்ந்த சிவப்பு. என் தோளில் போட்டு, அதைச் சரிசெய்கிற சாக்கில் என் காதை ஒரு திருகு திருகினாள்.

"பையன் வரப் போறதில்லன்னா அவன் பங்கு சும்மாத்தானே கெடக்கு," என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "இனி யாரு வாசலோட திரும்பப் போறான்? போ. பொட்டக் குட்டி ஒண்ணு இந்தப் புள்ளையோடது. மாறாது. கலீல், நீ சாட்சி. அந்தக் கருப்புக் குட்டி கழுத்துல துணியக் கட்டு."

"கட்டலாம் கட்டலாம், கறி?" என்றார் கலீல்.

"வருது."

பெண்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ சாகிஷ் அத்தைக்குப் புது டீ ஊற்றினார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். முகம் இறுகித்தான் இருந்தது, ஆனால் கை தானாகவே தொட்டிலின் கட்டையைப் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தது.

அக்காவின் மூத்த பெண் ஐபிகே, ஐந்து வயது, இத்தனை நேரமும் விரிப்பின் ஓரத்தில் கல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், வாயிலிருந்து கல்கண்டை எடுத்தாள்.

"எனக்கு?"

"உனக்கு என்ன?" என்றாள் சாகிஷ் அத்தை.

"எனக்குக் குட்டி?"

"உனக்குத் தோடு வாங்கித் தர்றேன்டி தங்கம். வெள்ளித் தோடு."

ஐபிகே யோசித்தாள். "தோடு குட்டி போடுமா?"

முல்லாவுக்குப் புரையேறிவிட்டது. கலீல் அவர் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். கடைசியில் சாகிஷ் அத்தையின் வாய்கூட ஒருபக்கம் கோணியது. சிரிப்பு அடங்குவதற்குள் பெரிய தட்டில் கறியும், அதன்மேல் ஆவியும் உள்ளே வந்துவிட்டன. எல்லோருடைய பார்வையும் அங்கே போய்விட்டது. ஐபிகே மட்டும் இன்னும் பதிலுக்காகத் தன் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள், நூரிசா, அவளுடைய சட்டையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐபிகேயின் அந்த முகத்தை எனக்குத் தெரியும். வேலி மேல் உட்கார்ந்திருந்தவளின் முகம் அது.

நான் தலைத்துணியைத் தோளிலிருந்து எடுத்து, விளிம்பைப் பல்லில் கடித்துக் கிழித்தேன். நல்ல பட்டு. நேராகக் கிழிந்தது.

"பட்டுடீ அது," என்றாள் அம்மா, உயிர் போன குரலில்.

மறுபடியும் கிழித்தேன். மூன்று துண்டுகள். ஐபிகேயிடம் கையை நீட்டினேன். அவள் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு என் விரலைப் பிடித்தாள். பிசுபிசுவென்று இருந்தது. அக்கா தொட்டிலுக்கு மேலாக எங்களைப் பார்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாசலில் மெதெர் அத்தான் கூஜாவை ஒருபக்கம் நகர்த்தி எங்களுக்கு வழிவிட்டார். என் கையிலிருந்த துணிகளை எண்ணினார்.

"இந்த வருஷம் பொட்டக் குட்டியே மூணுதான் நிக்குது," என்றார் மெதுவாக.

"தெரியும் அத்தான். நான்தானே பாத்துச் சொன்னேன்."

"ஒண்ணுன்னுதான் சொன்னேன்," என்று உள்ளேயிருந்து சாகிஷ் அத்தையின் குரல் வந்தது. "ஏய் தெமிர்பெக். ஒண்ணு."

செருப்பு மாட்டிக்கொள்ள நின்றால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். வெறுங்காலோடு, ஐபிகேயை இழுத்துக்கொண்டு, ஈரப் புல்லில் இறங்கிப் பட்டியை நோக்கி நடந்தேன்.